கல்லீரல் கட்டிக்கு ஜீன் டெஸ்ட் எதுக்கு?

கேள்வி: தங்கச்சி பொண்ணுக்கு ஒன்றரை வயசு, கல்லீரல்ல ஹெப்பட்டோபிளாஸ்டோமா கட்டின்னு வேலூர்ல சொல்லிட்டாங்க. ஏஎஃப்பி (இந்தக் கட்டி சுரக்குற ஒரு புரதம்) ரத்த டெஸ்ட் எடுத்தாச்சு, இப்ப ஜீன் டெஸ்டும் எடுக்கணுமாம், எதுக்கு சார்?
- ஒரு பெரியம்மா, குடியாத்தம்

பதில்: கட்டி சுருங்குதா, திரும்ப வருதான்னு ஏஎஃப்பி காட்டும்மா, ஆனா பச்சக்குழந்தைங்களுக்கு அது இயல்பாவே எக்கச்சக்கமா இருக்கும், அத மட்டும் வெச்சு முடிவு கட்ட முடியாது. பயாப்சில (கட்டில இருந்து சின்னதா சதை எடுத்துப் பாக்குறது) எடுத்த துணுக்குல ஜீனப் பாத்தா இது எந்த வகை கட்டின்னு உறுதிப்படுத்த உதவும், பெரும்பாலும் சிடிஎன்என்பி1 ஜீன்லதான் மாற்றம் இருக்கும், அது கட்டிக்குள்ள மட்டும் வந்தது, பெத்தவங்க தப்பு கிடையாது (யாரு கண்ணு பட்டுச்சோன்னும் தேடாதீங்க). ஏபிசிங்கிற இன்னொரு ஜீன்ல பிறவிக்கோளாறுன்னா கதை வேற, அது குடும்பத்துல வழிவழியா வரலாம், அதனால குடும்பத்துல யாருக்காச்சும் பெருங்குடல்ல பாலிப் (சின்ன சதை வளர்ச்சி), கேன்சர் இருந்தா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க. ரத்தத்துல கட்டியோட டிஎன்ஏவ தேடுறது இன்னும் ஆராய்ச்சி அளவுலதான் இருக்கு, அதுக்காக கீமோவ தள்ளிப்போடாதீங்க.