வாசகர் கேள்வி – பதில்: மருத்துவத்துக்குள் கணிதம்

கேள்வி: என் மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கிறாள். மருத்துவத்தில் கணித அணுகுமுறைகள் பற்றிப் பாடசாலை மாணவர்களுக்காக இங்கிலாந்திலிருந்து இணையவழியாக நடத்தப்படும் கோடைகாலச் செயலமர்வு ஒன்றின் அறிவித்தலை என் தம்பி அனுப்பியிருக்கிறார். சாதாரண தரத்தோடு கணிதத்தை விட்டவளுக்கு அதனால் என்ன பயன்? அதற்காக ரியூசன் வகுப்புகளைத் தவறவிடலாமா?
– ஒரு தாயார், கொக்குவில்

பதில்: அவர்களுடைய கோடை விடுமுறை நமக்கு நல்லூர்த் திருவிழாக் காலம். ஒரு கிழமை வகுப்புத் தவறினால் குறிப்புகளைச் சிநேகிதியிடம் வாங்கிக்கொள்ளலாம். ஆதலால் அதைப் பெரிய இழப்பாக நான் கருதவில்லை. உங்கள் முதற் கேள்விதான் கனமானது. பதினாறு வயதில் உயிரியல் பக்கம் போகிறவர் கணிதத்தையும், கணிதப் பக்கம் போகிறவர் உயிரியலையும் கைவிட வேண்டியதாகவே நமது உயர்தரப் பாடத்திட்டம் அமைந்திருப்பதால், இரண்டும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டென்பதே நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாமற் போகிறது.

அந்த இடத்தைக் காண வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. 1934–35இல் இலங்கையில் பரவிய மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. மலேரியாவை நுளம்பே காவுகிறது என்பதை 1897இல் இந்தியாவிலிருந்து நிறுவிய ரொனால்ட் ரொஸ், 1902இல் நோபல் பரிசு பெற்ற மருத்துவர். ஆனால் தம்மைக் கணிதக்காரராகவும் எண்ணிக்கொண்டவர். நுளம்பை முற்றாக ஒழிக்க முடியாதென்றால் ஒழிப்பு வேலையே வீண் என்று வாதிட்டவர்களுக்கு அவர் சமன்பாடுகளால் பதில் சொன்னார். நுளம்புகளின் தொகை ஒரு குறித்த எல்லைக்குக் கீழே இறங்கினாற் போதும், நோய் தானே அற்றுப்போகும் என்பது அவர் கண்ட முடிவு.

இதை மகளோடு இருந்து கணக்கிட்டுப் பாருங்கள். 100 நோயாளர், ஒவ்வொருவரிடமிருந்தும் சராசரியாக 1.2 பேருக்குத் தொற்றினால் அடுத்த சுற்றில் 120, அதற்கடுத்து 144, பத்தாவது சுற்றில் 619 பேர். நுளம்பைக் குறைத்து, அதே 1.2 என்பதை 0.8 ஆக இறக்கினால் 80, 64 என்று இறங்கிப் பத்தாவது சுற்றில் 11 பேரளவில் நிற்கும். எல்லைக்கோடு 1 என்ற எண். சாதாரண தரத்தில் படித்த பெருக்கல் விருத்திக்கு மேல் இதில் எதுவும் இல்லை.

நம் நாட்டின் அனுபவம் இதற்கு நல்ல உரை. 1963இல் ஆண்டுக்கு 17 நோயாளர் என்ற அளவுக்கு மலேரியா இறங்கியது, கவனம் தளர்ந்தது, 1960களின் இறுதியில் அது இலட்சக்கணக்கானோரைப் பிடித்தது. பின்னர் நீண்ட முயற்சியால் 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. மலேரியாவைக் காவும் அனொபிலிஸ் நுளம்பு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ரொஸ் சொன்னதும் இதுவே. மாரிமழை முடிந்தபின் டெங்குக் காய்ச்சலோடு மல்லுக்கட்டும் யாழ்ப்பாணத்தில் மருத்துவராக வர விரும்பும் பிள்ளை இதை அறியாமலிருப்பது குறைதான். அனுப்புங்கள்.

கேள்வி: நான் கணிதப் பிரிவு மாணவன். மருத்துவ பீடத்துக்குப் போக வழியில்லாத எனக்கு இத்தகைய செயலமர்வில் இடம் உண்டா?
– ஒரு மாணவன், பருத்தித்துறை

பதில்: உங்களுக்குத்தான் முதலிடம் என்பேன். சீ.ரி. ஸ்கான் கருவிக்காக 1979இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கோமக் பௌதிகவியலாளர், ஹவுன்ஸ்பீல்ட் பொறியியலாளர். இருவரும் மருத்துவர் அல்லர். எக்ஸ்-கதிர் உடலை ஊடுருவி வெளியே வரும்போது, வழியில் இருந்தவை அனைத்தும் சேர்ந்து அதை எவ்வளவு மங்கச் செய்தன என்ற கூட்டுத்தொகையை மட்டுமே சொல்லும். பல திசைகளிலிருந்து பெற்ற கூட்டுத்தொகைகளைக் கொண்டு உள்ளே ஒவ்வொரு புள்ளியிலும் இருப்பதைக் கண்டுபிடிப்பதே கணக்கு.

ஒரு சதுரத்தை நான்கு கட்டங்களாகப் பிரியுங்கள். மேல்வரிசையின் கூட்டுத்தொகை 3, கீழ்வரிசை 7, இடப்பக்க நிரல் 4, வலப்பக்க நிரல் 6. இவற்றைக் கொண்டு மட்டும் நான்கு எண்களையும் தீர்மானிக்க முடியாது. முயன்று பார்த்தால் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் வரும். மேல் இடமூலையிலிருந்து கீழ் வலமூலைக்குப் போகும் மூலைவிட்டத்தின் கூட்டுத்தொகை 5 என்ற ஒரு தகவலைச் சேர்த்தவுடன் மேல்வரிசை 1, 2 என்றும் கீழ்வரிசை 3, 4 என்றும் ஒரே விடை கிடைக்கிறது. கருவி நோயாளியைச் சுற்றிச் சுழல்வதன் காரணம் இப்போது விளங்கும். இதற்கான பொதுத் தேற்றத்தை ராடன் என்ற கணிதவியலாளர் 1917இலேயே நிறுவிவிட்டார், எந்த நோயாளியையும் மனத்திற் கொள்ளாமல்.

கேள்வி: செயலமர்வுச் சான்றிதழ் மருத்துவ பீட அனுமதிக்கு உதவுமா? என்ன ஆயத்தம் வேண்டும்?
– ஒரு தந்தை, சாவகச்சேரி

பதில்: உதவாது. இங்கே அனுமதியைத் தீர்மானிப்பது இசட் புள்ளியும் மாவட்ட வெட்டுப்புள்ளியுந்தான். சான்றிதழுக்காகப் பணம் கட்டுவதாயின் கட்டாதீர்கள். ஆயத்தம் என்றால் நிகழ்தகவு, மடக்கை, வரைபு ஆகியவற்றை ஒருமுறை மீட்டாற் போதும். ஒரு பயிற்சி தருகிறேன். 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை 400 மில்லிகிராம் எடுக்கும் ஒரு மருந்தில், ஒவ்வொரு 6 மணித்தியாலத்திலும் உடலில் உள்ளதில் பாதி நீங்குகிறது எனக் கொள்ளுங்கள். மருந்தை எடுத்தவுடன் உடலில் இருக்கும் அளவு முதல் வேளையில் 400, இரண்டாவதில் 500, மூன்றாவதில் 525. நாட்கணக்கில் எடுத்தாலும் இந்த எண் ஏன் 534ஐ எட்டுவதில்லை என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.