கண்ணால் பார்க்காத கோள் பாறையா, வாயுவா என்று எப்படிச் சொல்கிறார்கள்? எல்லாம் ஊகம்தானே?

'ஊகம்தானே' என்ற சொல் உறுத்தியதால் எழுதுகிறேன். வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களைப் பற்றிய செய்தியோடு வரும் கடல், மேகப் படங்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருப்பீர்கள். அவை ஓவியர்களின் கற்பனைதான். அளவீடு கற்பனையல்ல, அப்படியொன்றை நானே எடுத்திருக்கிறேன்.

எச்டி 189733 என்ற விண்மீன் சுமார் 64 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. 2005இல் கண்டுபிடிக்கப்பட்ட அதன் கோள் 2.2 நாளுக்கு ஒருமுறை அதன் முகத்தைக் கடக்கிறது. சிறிய தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்திக் காத்திருந்தேன். பாதியில் லென்ஸில் பனி படிந்தது. கை வைத்தால் குவியம் கலைந்துவிடுமே என்று, தள்ளி நின்று ஹேர் டிரையரால் மெதுவாக உலர்த்தினேன். படங்களில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. மறுநாள் அதன் வெளிச்சத்தைப் பக்கத்து விண்மீனோடு ஒப்பிட்டு வரைபடம் போட்டபோது புள்ளிகள் சரிந்து, இரண்டு மணி நேரத்துக்குள் மீண்டும் மேலேறின. சரிவு 2.4 சதவீதத்தை ஒட்டி இருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறைந்தது விண்மீன் வட்டின் பரப்பில் 2.4 சதவீதம் என்றால், கோளின் ஆரம் விண்மீனுடையதில் ஏறக்குறைய 15 சதவீதம். விண்மீனின் ஆரத்தை வைத்துக் கணக்கிட்டால், கோள் வியாழனைவிடச் சற்றே பெரியது. நிறையை என்னால் அளக்க முடியாது. அதற்குப் பெரிய ஆய்வகங்களின் நிறமாலைமானி, அதாவது ஒளியை நிறங்களாகப் பிரித்து அளக்கும் கருவி வேண்டும். கோள் இழுப்பதால் விண்மீன் விநாடிக்குச் சுமார் 200 மீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் ஆடுகிறது. அதிலிருந்து வரும் நிறையும் வியாழனைவிடக் கொஞ்சம்தான் அதிகம். நிறையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி தண்ணீரை ஒட்டி வருகிறது. பூமியின் அடர்த்தி தண்ணீரைப் போல 5.5 மடங்கு. இவ்வளவு பெரிய உருண்டை பாறையாக இருக்க வழியே இல்லை.

'விண்மீனின் ஆரமே மதிப்பீடுதானே' என்று யாராவது வருவார்கள். உண்மைதான், அந்தப் பிழை கோளின் ஆரத்துக்கும் வரும். ஆனால் வாயுவைப் பாறையாக்கும் அளவுக்கு அது பெரிதல்ல. சிக்கல் இடைப்பட்ட கோள்களில்தான் இருக்கிறது. கே2-18பி என்ற கோள் பூமியைப் போல சுமார் 2.6 மடங்கு ஆரமும் 8 மடங்குக்கு மேல் நிறையும் கொண்டது. நிறைய நீர் என்றாலும் பொருந்தும். பாறைக்கு மேல் தடித்த ஹைட்ரஜன் உறை என்றாலும் பொருந்தும். அங்கே உங்கள் சந்தேகம் நியாயமானது.

இப்போது என்னால் இன்னொரு கடப்பை எடுக்க முடியவில்லை. எதிர்வீட்டு மாடியில் விடிய விடிய வெள்ளை விளக்கு எரிகிறது. கீழ்நோக்கித் திருப்பி வைக்கும்படி மூன்று முறை கேட்டுவிட்டேன்.