மழைக்காலத்து மரவேலை: கடலூர், புதுச்சேரி வாசகர்களுக்குப் பதில்கள்

பொங்கலுக்குள் ஜன்னல், கதவு, பீடிங் (ஓரங்களில் அடிக்கும் மெல்லிய மரச்சட்டம்) வேலைகளை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் வந்த கேள்விகள் இவை. தச்சு வேலையிலேயே காலம் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஐயா, ஐப்பசி மழையில் வேப்பமர ஜன்னல் கதவு உப்பிவிட்டது. ஆசாரியை அழைத்து இழைத்துவிடலாமா? (லாஸ்பேட்டை)

இப்போது வேண்டாம், அம்மா. மரம் ஈரத்தை உறிஞ்சினால் குறுக்குவாட்டில் விரியும். நீளவாக்கில் விரிவது மிகச் சொற்பம். இன்று பிடிக்கிறதே என்று இழைத்தால், பங்குனி வெயிலில் மரம் சுருங்கி நிலைக்கும் கதவுக்கும் நடுவே பல்லி நுழையும்.

முதலில் உப்பியதுதானா என்று பாருங்கள். கதவின் ஓரம் முழுக்கச் சாக்கட்டி தேய்த்து, ஒரு முறை மூடித் திறந்தால் நிலையில் எங்கே பிடிக்கிறதோ அங்கே வெள்ளை படியும். கொண்டி இருக்கும் பக்கத்தின் மேல்மூலையில் மட்டும் படிந்தால் பெரும்பாலும் குற்றம் மரத்தின் மீதல்ல. மேல் கீலின் திருகாணி தளர்ந்து கதவு தொங்கிவிட்டது. ஓட்டையில் பசை தடவிய மூங்கில் சிம்புகளைத் திணித்து, காய்ந்தபின் திருகாணியை மீண்டும் முடுக்குங்கள். ஓரம் முழுக்கப் படிந்தால் உப்பல்தான். அதுவரை மெழுகுவத்தியைத் தேய்த்துச் சமாளித்து, மாசியில் இழையுங்கள்.

இழைத்த இடத்துக்குப் பெயிண்ட் உண்டா என்பதே அடுத்த கேள்வி. கதவின் அடிவிளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். நம் ஊர் வீடுகளில் பாதிக்கு அங்கே வெறும் மரம்தான் சொரசொரக்கும். ஈரம் ஏறும் வழியே அதுதான்.

அரக்கு பாலிஷ் போட்டேன். மறுநாள் பால் ஊற்றியதுபோல வெளுத்துவிட்டது. மட்டமான அரக்கா? (கடலூர் முதுநகர்)

அரக்கை ஏன் திட்டுகிறீர்கள்? அரக்கைக் கரைத்திருக்கும் ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் இருக்கும் ஈரம் அதில் படிந்து உள்ளே மாட்டிக்கொள்கிறது. மார்கழிப் பனியில் காலை பத்துக்கு முன்பும் மாலை மூன்றுக்குப் பின்பும் பாலிஷைத் தொடாதீர்கள். வெயில் அடிக்கும் நாளில், ஸ்பிரிட்டைத் தொட்டும் தொடாமலும் நனைத்த துணிப் பொட்டலத்தால் மேலாக வருடினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். மழைச்சாரல் படும் ஜன்னலுக்கு அரக்கு ஆகாது.

சுவர் பூசி இரண்டு வாரம் ஆகிறது. ஜன்னலைச் சுற்றிப் பீடிங் அடிக்கலாமா? (வில்லியனூர்)

பொறுங்கள். பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்ளே துளி கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. பீடிங் மரத்தையும் இப்போதே வாங்கி அந்த அறையிலேயே பரப்பி வையுங்கள். அடிக்கும் முன் முதுகுப் பக்கத்துக்கும் பிரைமர் பூசுங்கள். பெயிண்டர் முணுமுணுப்பார், விடாதீர்கள்.

தேவனாம்பட்டினத்தில் வீடு. கீல் எல்லாம் துருப்பிடிக்கிறது, என்ன வாங்குவது?

கடலுக்கு இவ்வளவு அருகில் 304 என்ற ரகத் துருவேறாத எஃகிலும் பழுப்புக் கறை படியும். மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 ரகம் கேளுங்கள், விலை கூடுதல். பித்தளையும் நல்லது, ஆனால் அதன் திருகாணி கடின மரத்தில் தலை முறியும். துளையிட்டு, அதே அளவு இரும்புத் திருகாணியை ஒரு முறை ஏற்றிக் கழற்றிவிட்டுப் பிறகு பித்தளையைப் போடுங்கள்.

பழைய வீட்டு ஜன்னலின் பெயிண்டைச் சுரண்டப் போகிறோம். குழந்தைகள் இருக்கிறார்கள். (முத்தியால்பேட்டை)

கேட்டது நல்லது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக்கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017-இல்தான். அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த உப்புத்தாளும் தீச்சுடரும் வேண்டாம். நீர்த்தாளை (தண்ணீர் தாங்கும் உப்புத்தாள்) நனைத்துத் தேய்த்து, தூளை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள்.

வெளிப்பக்க வார்னிஷை டிசம்பர் கடைசியில் தொடங்கலாமா, அண்ணா?

டிசம்பர் கடைசியிலும் புயல் வரலாம்; தானே புயல் நம் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 அன்று. தை பிறக்கட்டும், தம்பி. அதுவரை உள்வேலையைப் பாருங்கள்.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடலாமா?

கூடவே கூடாது. சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே ஒற்றையாக விரித்துக் காயவிட்டு, பிறகு குப்பையில் போடுங்கள்.