தூண் ஓரத்துப் பார்க்கிங்கில் கார் கதவு இடிக்கிறது, சுவரில் ஒட்டிய ஃபோமும் நிற்கவில்லை. என்ன செய்யலாம்?

அடுக்ககத்தின் ஸ்டில்ட் பார்க்கிங் (கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்துமிடம்), ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் தூண் என்று கேட்டிருக்கிறீர்கள். கதவு விளிம்பில் பெயிண்ட் பெயர்கிறது, டேப் வைத்து ஒட்டிய ஃபோம் ஒரு மாதத்தில் விழுந்துவிட்டது.

புது ஃபோம் வாங்குவதற்கு முன் வண்டி நிற்கும் இடத்தைச் சரிசெய்யுங்கள். 2.5 மீட்டர் அகல இடத்தில் 1735 மி.மீ. அகல ஸ்விஃப்ட்டை நட்டநடுவே நிறுத்தினால் பக்கத்துக்கு 38 செ.மீ.தான் மிஞ்சும். 1830 மி.மீ. இன்னோவா கிரிஸ்டாவுக்கு 33. ஆகவே நடுவில் நிறுத்தவே வேண்டாம். கூட வருபவர்களை வெளியிலேயே இறக்கிவிட்டு, இடப்பக்கம் ஒதுக்கி நிறுத்தினால் ஓட்டுபவர் பக்கம் தாராளமாக இடம் கிடைக்கும். வலப்பக்கத் தூண்தான் தொல்லை என்றால் வண்டியை ரிவர்ஸில் விட்டுப் பாருங்கள்; ஓட்டுநர் கதவு மறுபக்கம் போய்விடும். இதற்குக் காசே செலவில்லை.

தூணுக்கு இன்னொன்றும் உண்டு. கதவின் கீல் முன்பக்கம் இருப்பதால் பின் விளிம்புதான் வீசிக்கொண்டு போய் இடிக்கும். முன் சக்கரத்துக்கு நேராகத் தூண் நின்றால் முன் கதவு அதைத் தொடாது. 4 மீட்டருக்குள் அடங்கும் வண்டிக்கு 5 மீட்டர் இடத்தில் முன்னும் பின்னுமாக ஒரு மீட்டர் நகர்த்திப் பார்க்கலாம். சரியான இடம் அகப்பட்டதும் அங்கே ரப்பர் வீல் ஸ்டாப்பரை (சக்கரம் முட்டி நிற்கும் தரைக்கட்டையை) போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள். இது இல்லாவிட்டால் தினம் ஓர் இடத்தில் நிற்கும், எங்கே ஃபோம் ஒட்டினாலும் கதவு அதற்குப் பக்கத்தில் போய் இடிக்கும். முன்பக்கமாக ஏற்றி நிறுத்துகிறவர்கள் ஸ்டாப்பரின் உயரம் பம்பருக்கு அடியில் நுழைகிறதா என்று அளந்துவிட்டு வாங்கவும்.

இப்போது ஃபோம். ஒருவர் சுவரில் அட்டையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கதவை மெல்லத் திறந்து, விளிம்பு முதலில் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். காலி வண்டியில் ஒரு முறை, நாலு பேர் உட்கார்ந்த பிறகு ஒரு முறை. ஆள் ஏறியதும் வண்டி சற்றுத் தாழும், கோடும் இறங்கும். பின் கதவுக்குத் தனியாகப் பாருங்கள். இந்தக் கோடுகளுக்கு மேலும் கீழும் 10 செ.மீ. விட்டால் சுமார் ஓர் அடிப் பட்டை வரும். அது போதும், சுவர் முழுக்க மூட வேண்டியதில்லை.

எந்தப் பொருள்? டிவி பெட்டியில் வரும் வெள்ளை பேக்கிங் ஃபோம் சில மாதங்களில் அமுங்கித் தட்டையாகிவிடும், தெர்மாகோல் உதிரும். குழந்தைகள் விளையாடும் ஈ.வி.ஏ. பாய் (10 - 12 மி.மீ.) இரண்டு அடுக்கு, அல்லது ஏசி டக்ட்டுக்குச் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ஷீட் 19 மி.மீ. நல்லது. கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்: அடியில் சுவரின் கெட்டித்தனம் விரலுக்குத் தெரிந்தால் கதவுக்கும் தெரியும். மஞ்சள் - கறுப்பு ரப்பர் கார்னர் கார்டைப் பலர் வாங்குகிறார்கள். அது தூணின் முனை உடையாமல் காக்கும். கதவு பெயிண்டுக்கு அந்த ரப்பர் ரொம்பக் கெட்டி. அதன் மேல் ஒரு ஃபோம் பட்டை வேண்டும்.

ஒட்டியது விழுந்ததற்குக் காரணம் டேப் அல்ல. டேப் பெயிண்டைத்தான் பிடித்தது; பெயிண்ட் அடியிலிருந்த பட்டியோடு (புட்டி) சேர்ந்து உரிந்து வந்தது. விழுந்த ஃபோமைத் திருப்பிப் பாருங்கள், டேப்பின் முதுகில் வெள்ளைப் பொடி அப்பியிருக்கும். அதனால் அந்தப் பட்டை அளவுக்குப் பட்டிக் கத்தியால் சிமெண்ட் பூச்சு தெரியும்வரை சுரண்டி, 80 நம்பர் உப்புத்தாள் போட்டு, ஈரத்துணியால் தூசி துடைத்து, ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு செருப்புக்குப் போடும் மஞ்சள் ரப்பர் பசையைச் சுவரிலும் ஃபோமிலும் மெல்லிசாகத் தடவி, 10 - 15 நிமிடம் காத்திருங்கள். தொட்டால் விரலில் ஒட்டாமல் பிசுபிசுப்பு மட்டும் இருக்கும்போது வைத்து அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் உள்ளே சிக்கிய ஆவி கொப்புளமாகத் தூக்கும். வைத்த பிறகு நகர்த்த முடியாது, முதலிலேயே கோடு பார்த்து வையுங்கள்.

ஓதம் ஏறிய சுவரில் எந்தப் பசையும் நிற்காது. அங்கே 6 மி.மீ. துளை போட்டு, ராவல் பிளக் (ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் குழல்), பெரிய வாஷர், ஸ்க்ரூ போடுங்கள். ஸ்க்ரூவைப் பட்டையின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும்தான் போட வேண்டும். நடுவில் போட்டால் ஃபோம் அமுங்கும்போது கதவு நேராக ஸ்க்ரூத் தலையில் மோதும், வெறும் சுவரே தேவலை என்றாகிவிடும். தனியாக நிற்கும் தூணுக்கு டிரில்லே வேண்டாம். நாலு பக்கமும் ஃபோமைச் சுற்றி மேலும் கீழும் இரண்டு நைலான் பெல்ட்டால் இறுக்கலாம். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் துளை போட அசோசியேஷன் ஆட்சேபிக்கும் இடங்களுக்கும் இதுவே வழி. ஈ.பி. மீட்டர் பெட்டிப் பக்கமும் சார்ஜிங் பாயிண்ட் பக்கமும் ஃபோம் வைக்காதீர்கள், எளிதில் தீப்பிடிக்கும்.

கதவு விளிம்புக்கு யூ வடிவ பீடிங் (விளிம்பைக் கவ்வும் ரப்பர் பட்டை) மாட்டுவது எனக்கு ஒப்புதல் இல்லை. உள்ளே தண்ணீரும் மணலும் தங்கும், கடலோர ஊர்களில் அதற்கடியில் துரு சத்தமில்லாமல் ஏறும். ஏற்கெனவே பெயர்ந்த இடத்தில் டச்-அப் பெயிண்ட் வைத்து, காய்ந்ததும் ஒளி ஊடுருவும் பி.பி.எஃப். (பெயிண்டைக் காக்கும் ஃபிலிம்) துண்டை விளிம்பில் மடித்து ஒட்டினால் போதும். இடிப்பது பக்கத்து வண்டியின் கதவு என்றால் சுவர் ஃபோமால் பயனில்லை, உங்கள் கதவில் சைடு மோல்டிங் (கதவின் வெளிப்புறம் நீளவாக்கில் ஒட்டும் பட்டை) போட வேண்டியதுதான்.

மாதம் ஒரு முறை ஃபோமை ஈரத்துணியால் துடையுங்கள். மேலே படியும் மணல் கதவு உரசும்போது உப்புத்தாள் வேலையைச் செய்துவிடும்.