பதினோரு கல்லூரிகளில் ஒரே பேராசிரியர்

கேள்வி: அனுமதி தரும் ஏ.ஐ.சி.டி.இ., இணைப்புத் தரும் அண்ணா பல்கலைக்கழகம், தரம் போடும் நாக் என்று இத்தனை பேர் கண்காணித்தும் தனியார் பொறியியல் கல்லூரிகள் ஏமாற்றுகின்றனவே. எல்லாருக்கும் மேலே ஒரு புது ஆணையம் போட்டால் சரியாகுமா? (வாசகர், நாமக்கல்)

பதில்: போடட்டும். அவர்களுக்கும் சேர்த்து மதியச் சாப்பாடு சொல்லிவிடுவார்கள், அவ்வளவுதான்.

2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்டதை மறந்துவிட்டீர்களா? 353 ஆசிரியர்கள் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் கணக்குக் காட்டியிருந்தார்கள், சம்பந்தப்பட்டவை 224 கல்லூரிகள், அதில் ஒரு புண்ணியவான் 11 கல்லூரிகளில்! அண்ணா பல்கலைக்கழக இணையதளத்திலேயே கிடந்த பட்டியல்தான் அது. ஆய்வுக்குப் போன குழுக்களின் கண்ணில் படாதது, வெளியே உட்கார்ந்து பார்த்தவர்கள் கண்ணில் பட்டது.

இன்ஸ்பெக்ஷன் லட்சணம் அப்படி. எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் முந்தின ராத்திரி வேனில் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின, லைப்ரரி புத்தகங்களில் சீல் மை காயவில்லை, குழு கிளம்பியதும் அதே வேன் அதே நிர்வாகத்தின் அடுத்த ஊர்க் கல்லூரிக்குப் போனது. தேதியைச் சொல்லிவிட்டு வருகிறவருக்கு வேறு என்ன கிடைக்கும்? 2025 பிப்ரவரியில் ஆந்திரப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு உச்சத் தரமான ஏ++ தர லஞ்சம் என்ற புகாரில் நாக் ஆய்வுக்குழுவினரையே சி.பி.ஐ. கைது செய்தது. பிடிபட்டதில் ரொக்கம் மட்டும் 37 லட்சம், கூடவே லேப்டாப்களும் ஒரு ஐபோனும். அப்புறம் வாசலில் தொங்கும் ஏ++ பேனரை எந்தக் கண்ணால் பார்ப்பது?

மாட்டினாலும் கல்லூரிக்கு ஒரு நோட்டீஸ், மிஞ்சிப்போனால் சில சீட் குறையும். ஆசிரியரே இல்லாத வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைக்கோ நாலு வருஷம் போச்சு, கல்விக் கடனும் தலையில். ரிஸ்க் முழுக்க அப்பன் பாக்கெட்டில், லாபம் மட்டும் கல்லூரி நடத்தும் அறக்கட்டளைக் கணக்கில். ஆசிரியர் சம்பளம் மாதாமாதம் வங்கியில் ஏறியதா என்று பார்த்தாலே பாதிப் போலி கழன்றுவிடும். அதற்குப் புது ஆணையம் எதற்கு?

உங்கள் வீட்டில் யாருக்காவது அட்மிஷன் என்றால் ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குச் சொல்லாமல் போய் நில்லுங்கள். கேன்டீனில் இருக்கும் மூன்றாம் வருஷப் பையனிடம், இந்த மணி யார் கிளாஸ் என்று கேளுங்கள். ஆபீஸில் ஒரிஜினல் மார்க்ஷீட்டைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னால் கொடுக்காதீர்கள், சரிபார்த்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018-லேயே சொல்லியாயிற்று.