ஃப்ரிட்ஜில் நிற்கும் ரத்தப் பை: கொடுப்பதற்கு முன் எப்படிப் பார்ப்பது? வாசகர் கேள்விகள்

சொந்தமாக ரத்த மையம் (பிளட் பேங்க்) இல்லாத தாலுகா மருத்துவமனை, மலைப்பகுதி மருத்துவமனைகளில் வேலை செய்பவர்களின் கேள்விகள் இவை. அங்கே இருப்பது ரத்த சேமிப்பு மையம். தாய் ரத்த மையத்தில், அதாவது ரத்தம் எடுத்து அனுப்பும் பெரிய மையத்தில், பரிசோதனை முடிந்த பைகள் வந்து ஃப்ரிட்ஜில் காத்திருக்கும். ராத்திரி 2 மணிக்குப் பிரசவ வார்டில் ரத்தப்போக்கு என்றால், பையை எடுத்துப் பார்க்க ஒரு லேப் டெக்னீஷியனோ ஸ்டாஃப் நர்ஸோதான் இருப்பார்.

ரிஜிஸ்டரில் 'கண்ணால் பார்த்தாயிற்று' என்று ஒரு கட்டம் இருக்கிறது. எல்லோரும் டிக் போட்டுவிட்டுப் போகிறோம். உண்மையில் எதைப் பார்க்க வேண்டும்? (ஸ்டாஃப் நர்ஸ்)

முதலில், பையைக் குலுக்காதீர்கள். பலரும் வெளியே எடுத்த கையோடு நாலு தடவை புரட்டிவிட்டுத்தான் பார்க்கிறார்கள். அசையாமல் நின்ற பையில் சிவப்பணுக்கள் அடியில் படிந்து, மேலே திரவம் தெளிந்திருக்கும். நமக்குச் சேதி சொல்வது அந்த மேல்பகுதியும், இரண்டும் சந்திக்கும் கோடும்தான். கலக்கிவிட்டால் எல்லாம் ஒரே சிவப்பு. பைகளைப் படுக்க வைக்காமல் நிற்க வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேலே உள்ள திரவம் வைக்கோல் நிறத்தில் இருந்தால் நல்லது. ரோஸ் அல்லது சிவப்பாக இருந்தால் அணுக்கள் உடைந்திருக்கின்றன. ஆரம்பத்தில் கோட்டுக்குச் சற்று மேலே மெல்லிய சிவப்புப் பட்டையாகத்தான் இது தெரியும், கவனம். கலங்கலாகவோ பழுப்பாகவோ இருந்தாலும் கொடுக்கக்கூடாது. பேக்டு செல் (பிளாஸ்மா என்னும் திரவத்தைப் பிரித்தெடுத்த சிவப்பணு) பை சிலவற்றில் மேலே திரவம் அதிகம் நிற்காது. அப்போது பையோடு தொங்கும், சீல் வைத்துத் துண்டு துண்டாகப் பிரித்த டியூபை நிமிர்த்தி வைத்து, தெளிந்த பிறகு பாருங்கள். ஆனால் டியூபை நசுக்கி உருவும்போதே அணுக்கள் உடைவதுண்டு. அதனால் ஒரு துண்டு மட்டும் ரோஸாக இருந்தால் அடுத்த துண்டையும் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

அப்புறம் மெதுவாகப் புரட்டி, கட்டி ஏதும் நகர்கிறதா என்று பாருங்கள். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே லேசாக அழுத்தினால் ஓரங்களிலும் போர்ட் (செட்டைச் செருகும் வாய்) மூடியிலும் கசிவு தெரிந்துவிடும். கடைசியாக லேபிள். ஏ மஞ்சள், பி இளஞ்சிவப்பு, ஓ நீலம், ஏபி வெள்ளை. நிறத்தை மட்டும் நம்பி எடுக்காமல் குரூப்பையும் பை எண்ணையும் வாய்விட்டுப் படியுங்கள். எக்ஸ்பயரியை மனக்கணக்குப் போடாதீர்கள்: சி.பி.டி.ஏ. (உறைவுதடுப்பு மருந்து) பைக்கு 35 நாள், எஸ்.ஏ.ஜி.எம். (சிவப்பணுக்களைக் காக்கும் கரைசல்) சேர்த்த பைக்கு 42 நாள். லேபிளில் உள்ள தேதிதான் கணக்கு.

ஒரு பையில் ரத்தம் கறுத்த ஊதாவாக இருந்தது. அதே பையின் டியூப் துண்டுகளில் மட்டும் நல்ல சிவப்பு. எக்ஸ்பயரிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. 'பழைய பை, கறுக்கத்தான் செய்யும்' என்கிறார் உடன் வேலை செய்பவர். (லேப் டெக்னீஷியன்)

கொடுக்க வேண்டாம். இந்தத் தொகுப்பில் மிக முக்கியமான கேள்வி இதுதான்.

நாள்பட்டுக் கறுத்திருந்தால் பையும் டியூபும் சேர்ந்தே கறுக்க வேண்டும். இரண்டும் ஒரே கொடையாளியின் ரத்தம், ஒரே ஃப்ரிட்ஜ், ஒரே வயது. பை மட்டும் கறுத்தது என்றால் பைக்குள் ஏதோ ஆக்சிஜனைத் தின்கிறது என்று பொருள். குளிரில் பெரும்பாலான பாக்டீரியா அடங்கிக் கிடக்கும். யெர்சினியா என்டெரோகோலிடிகா, செராஷியா போன்ற சில மட்டும் 4 டிகிரியிலும் மெல்லப் பெருகும். ரத்தம் எடுத்தபோது உள்ளே போனவை ஒருசிலதான் என்றால், அவை பெரிய பையில் இருக்க வாய்ப்பு அதிகம், சீல் வைத்த சின்னத் துண்டில் இருக்க வாய்ப்பு குறைவு. அதனால் துண்டு பழைய நிறத்திலேயே நின்றுவிடுகிறது. யெர்சினியா வழக்கமாகத் தலைகாட்டுவது நீண்ட நாள் இருப்பில் இருந்த பைகளில்தான், ஆகவே எக்ஸ்பயரி தேதி இங்கே காப்பு அல்ல. இவை விடும் நச்சு ரத்தத்தில் ஏறினால் சில நிமிடங்களில் நடுக்கமும் காய்ச்சலும் வந்து ரத்த அழுத்தம் சரியும். ஆன்டிபயாட்டிக் கிருமியைக் கொல்லும், ஏற்கெனவே கலந்த நச்சை நீக்காது.

இன்னொன்று மறந்துபோகும். அந்தக் கொடையாளியின் பிளாஸ்மா வேறொரு மருத்துவமனையில் இருக்கலாம். ஆகவே தாய் மையத்துக்கு உடனே போன் செய்து பை எண்ணைச் சொல்லுங்கள். சாம்பிள் எடுக்கிறேன் என்று பையைத் திறக்காதீர்கள். கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) செய்ய முழுப் பையும் குளிர்ப் பெட்டியில் போக வேண்டும்.

கறுக்காத பை சுத்தமானது என்றும் எண்ண வேண்டாம். கிருமி இருந்தும் நிறம் மாறாத பைகள் உண்டு. நோயாளி பக்கத்தில் முதல் 15 நிமிடம் நிற்கச் சொல்வது அதற்குத்தான்.

பிளாஸ்மா பால் மாதிரி வெள்ளையாக இருக்கிறது. இன்னொன்று பச்சை கலந்த நிறம்.

பால் நிறம் பெரும்பாலும் கொழுப்பு: கொடையாளி பிரியாணி சாப்பிட்ட கையோடு ரத்தம் கொடுக்க வந்திருப்பார். பச்சை சாயல் கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களிடம் வருவதுண்டு. இவை தானாக ஆபத்தில்லை. ஆனால் கொழுப்பின் வெள்ளையையும் கிருமியின் கலங்கலையும் போனில் கேட்டு யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. வேறு பை இருந்தால் அதை எடுங்கள், இதைத் தாய் மையம் பார்க்கட்டும்.

பையில் சின்னக் கட்டிதானே, ரத்தம் ஏற்றும் செட்டில் ஃபில்டர் இருக்கிறதே?

ஃபில்டர் கட்டியைப் பிடிக்கும். கட்டி ஏன் வந்தது என்பது பிடிபடாது. ரத்தம் எடுக்கும்போது உறைவுதடுப்பு மருந்து சரியாகக் கலக்காமல் வந்திருக்கலாம், கிருமியாலும் வந்திருக்கலாம். கொடுக்காதீர்கள்.

ராத்திரி கரண்ட் போய், ஜெனரேட்டரும் எடுக்கவில்லை. காலையில் டிஸ்ப்ளே 4 டிகிரி காட்டுகிறது. கொடுக்கலாமா? (டியூட்டி டாக்டர்)

இப்போது 4 காட்டுவது இப்போதைய நிலை. விடியற்காலை 3 மணிக்கு எவ்வளவு இருந்தது என்பதுதான் கேள்வி. வெப்பநிலையைத் தானாகக் கோடாக வரையும் சார்ட் ரெக்கார்டரின் வட்டத்தாளை எடுத்துப் பாருங்கள். ரெக்கார்டர் இல்லாத இடங்களில் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கையால் எழுதச் சொல்வது இந்த நாளுக்காகத்தான். (எல்லா வரியிலும் ஒரே கையெழுத்தில் 4.0, 4.0 என்று இருந்தால் அதை நான் நம்பமாட்டேன்.) கோடு 2-க்கும் 6-க்கும் நடுவிலேயே இருந்திருந்தால் வழக்கம்போலப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம். 6-ஐத் தாண்டியிருந்தால் எல்லாப் பையையும் நிறுத்தி வைத்து, எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்று தாய் மையத்திடம் சொல்லுங்கள். 10-ஐத் தாண்டியிருந்தால் அவை ரத்தம் ஏற்ற உதவாது.

கீழே போவதும் ஆபத்துதான். உறைந்து உருகிய பையில் அணுக்கள் உடைந்திருக்கும். எவ்வளவு நேரம் வைத்தாலும் தெளியாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே சீரான சிவப்பாக நிற்கும். வீட்டு ஃப்ரிட்ஜ் கூடாது என்பதும் இதனால்தான். ஃப்ரீசருக்குக் கீழே ஒரு குளிர், கதவோரம் ஒரு குளிர். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள், 'கொஞ்சம் பார்க்கிறேன்' என்றுகூட.

வார்டுக்குப் போன பை, நோயாளிக்குக் காய்ச்சல் என்று 40 நிமிடம் கழித்துத் திரும்பி வந்தது.

30 நிமிடம் தாண்டிவிட்டது, இருப்பில் சேர்க்காதீர்கள். கை வைத்துப் பார்த்து 'இன்னும் ஜில்லென்று இருக்கிறதே' என்பது கணக்கில்லை.

குளிர்ச்சியாக ஏற்றுகிறார்கள், வெந்நீரில் வைத்துத் தாருங்கள் என்று உறவினர்கள் கேட்கிறார்கள்.

வேண்டாம், அணுக்கள் உடைந்துவிடும். சாதாரண வேகத்தில் ஏற்ற குளிர்ந்த ரத்தமே போதும். மிக வேகமாக நிறைய ஏற்ற வேண்டியிருந்தால் அதற்கென்று உள்ள வார்மரில் (ரத்தத்தை அளவாகச் சூடாக்கும் கருவி) மட்டும்.

ஃப்ரிட்ஜில் இடம் சும்மா கிடக்கிறது. தடுப்பூசி வைக்கலாமா?

கூடாது. தண்ணீர் பாட்டிலும் கூடாது. கதவு எத்தனை தடவை திறக்கிறதோ அத்தனை தடவை சூடு உள்ளே போகும்.

சந்தேகப்பட்டு ஒதுக்கிய பையை எங்கே வைப்பது? குப்பையில் போட்டுவிட்டால் பிரச்சினை முடிந்ததே?

போடாதீர்கள், தாய் மையம் விசாரிக்க அந்தப் பைதான் வேண்டும். அதே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் தனி டிரேயில் வையுங்கள். பையின் மேலேயே 'கொடுக்கக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் ஒட்டி, தேதி, நேரம், என்ன பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். ரிஜிஸ்டரிலும் குறித்து, அடுத்த ஷிப்டுக்கு வாயாலும் சொல்லிவிட்டுப் போங்கள். அவசரத்தில் ஓ பாசிட்டிவ் தேடி வருபவர் ரிஜிஸ்டரைப் புரட்டமாட்டார், நேரே ஃப்ரிட்ஜைத்தான் திறப்பார்.