சபாவில் கேட்பதும் ஸ்பீக்கர்தான்

அன்புள்ள ஐயா,

சென்ற மார்கழியில் பதினெட்டுக் கச்சேரிகள் கேட்டேன். தை பிறந்ததும், நெடுநாள் சேமிப்பைக் கொண்டு ஒரு ஜோடி ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் வாங்கினேன். சபாவில் கேட்ட அதே வித்வானின் பதிவை வீட்டில் போட்டால், மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடப்பக்கத்துக் கனத்த ஒலி, நெஞ்சில் வந்து இடிப்பதில்லை. குரலும் மெலிந்து கேட்கிறது. நேரில் கேட்கும் கச்சேரிதான் உரைகல், அதைப்போல் ஒலிக்காத ஸ்பீக்கரை மாற்றிவிடு என்கிறார் நண்பர். பத்து நாளுக்குள் கொண்டுவந்தால் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். மாற்றட்டுமா?

ஆர்., நங்கநல்லூர்

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர் சொல்லும் விதி பழையது, நல்லதும்கூட. 1973-இல் அமெரிக்காவில் ‘தி அப்சல்யூட் சவுண்ட்’ என்ற இதழைத் தொடங்கிய ஹாரி பியர்சன், வீட்டுக் கருவிகளை எடைபோட அதைத்தான் அளவுகோலாக வைத்தார். ஆனால் அவர் சொன்னது, ஒலிபெருக்கி இல்லாமல் ஓர் உண்மையான அரங்கில் வாசிக்கப்படும் வாத்தியங்களின் ஒலி. அந்த விதி சென்னைக்கு வந்து சேர்வதற்குள் ‘ஒலிபெருக்கி இல்லாமல்’ என்ற நிபந்தனை எங்கோ உதிர்ந்துவிட்டது. மார்கழியில் நீங்கள் கேட்ட பதினெட்டுக் கச்சேரிகளில் எத்தனை மைக் இல்லாமல் நடந்தவை? ஒன்றுகூட இருக்காது என்பது என் ஊகம். அப்படியானால் நீங்கள் ஒப்பிடுவது கச்சேரியையும் ஸ்பீக்கரையும் அல்ல; சபாவின் ஸ்பீக்கரையும் உங்கள் வீட்டு ஸ்பீக்கரையும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சபாவில் ஆறாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஆலாபனையின் நடுவே மின்சாரம் போயிற்று. பாடகர் நிறுத்தவில்லை. முதல் சில நொடிகள் அவர் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டதுபோல் இருந்தது. பிறகு காது பழகியதும், அதுவரை மேடையின் இரு பக்கப் பெட்டிகளிலிருந்து வந்துகொண்டிருந்த குரல் இப்போது அவருடைய வாயிலிருந்தே வருவது தெரிந்தது. வில் தந்தியைப் பற்றும் அந்த மெல்லிய சொரசொரப்பு வயலினில் கேட்டது. மின்சுருதிப் பெட்டியும் விசிறிகளும் ஓய்ந்துவிட்டதால், பின்னால் ஒரு பெண் மீட்டிக்கொண்டிருந்த தம்பூரா அன்றைக்கு முதல் முறையாகக் காதில் விழுந்தது. அதுவரை அதைக் கண்ணால் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு நிமிடத்தில் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது, ‘டொப்’ என்று ஒரு சத்தத்தோடு எல்லாம் பழையபடி பெருத்தது, அரங்கம் கைதட்டியது. பாடகருக்கா ஜெனரேட்டருக்கா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இனி உங்கள் தொப்பிக்கு வருகிறேன். சபாக்களில் மிருதங்கத்துக்குப் பெரும்பாலும் இரண்டு மைக்குகள், பக்கத்துக்கு ஒன்றாக, தோலை ஒட்டி வைக்கப்படுகின்றன. ஒரு திசையிலிருந்து வருவதை மட்டும் வாங்கும் மைக்கை ஒலி பிறக்கும் இடத்துக்கு மிக அருகில் கொண்டுபோனால், கீழ் ஸ்தாயி ஒலிகளை அது இருப்பதைவிடப் பெருக்கிக் காட்டும். இது அந்த மைக்கின் இயல்பு. அதற்குமேல், மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்ஸரில் கொஞ்சம் பாஸ், அதாவது கீழ் ஸ்தாயி ஒலி, ஏற்றப்படும். வித்வானும் மேடையிலிருந்து ‘இன்னும் கொஞ்சம்’ என்று விரலை உயர்த்துவார். நெஞ்சில் இடித்த தொப்பி இப்படிப் பிறந்தது. மைக் இல்லாமல் பத்தடி தள்ளி உட்கார்ந்து கேட்டால் தொப்பி இடிப்பதில்லை. உருண்டு வந்து அடங்குகிறது. மாறாக வலப்பக்கமான வலந்தலை தெளிவாக எழும். அதன் நடுவிலுள்ள ‘சோறு’ என்னும் கருப்புப் பூச்சினால், அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்தெழும் மேற்சுரங்கள் இசைவான விகிதத்தில் அமைகின்றன என்று 1934-இல் சி.வி. ராமன் விரிவாக எழுதினார். சபாவில் தொப்பியின் முழக்கத்தில் மூழ்கிப்போகும் அந்தச் சுருதி, உங்கள் வீட்டில் வலந்தலையின் ‘மீட்டு’, ‘சாப்பு’ என்னும் அடிகள் விழும்போது கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் உங்கள் ஸ்பீக்கரைக் குறை சொல்ல நான் தயங்குவேன்.

இன்னொரு காரணம் ஸ்பீக்கரைச் சேர்ந்ததே அல்ல. ஒலியளவு குறையும்போது நம் காது கீழ் ஸ்தாயியை மற்றவற்றைவிட அதிகமாக இழக்கிறது என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு அஞ்சி இரவு பத்து மணிக்கு மெதுவாக வைத்துக் கேட்பவருக்கு எந்த விலை ஸ்பீக்கரிலும் தொப்பி மெலிந்துதான் போகும்.

குரல் விஷயம் இதைவிடச் சிக்கலானது. 1915 முதல் எடிசன் நிறுவனம் அமெரிக்க நகரங்களில் விளக்கை அணைத்து ஒரு சோதனை நடத்தியது: பாடகி பாடுவதும் இசைத்தட்டு பாடுவதும் மாறிமாறி வரும், எது எது என்று கூட்டம் சொல்ல வேண்டும். பலரால் பிரித்தறிய முடியவில்லை என்று விளம்பரம் செய்தார்கள். அப்படிப் பாடியவர்களில் ஒருவரான அன்னா கேஸ், இயந்திரத்தின் ஒலிக்கு ஒத்துப்போகும்படி தன் குரலை அமைத்துக்கொண்டதாகப் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். நம் ஊரில் இது வேறு விதமாக நடந்திருக்கிறது. நாடக மேடைப் பாடகர் கிட்டப்பா காலத்துப் பாடகர்கள் கடைசி வரிசைக்குக் கேட்பதற்காக உயர்ந்த சுருதியில் பாடினார்கள். மைக் வந்தபின் கட்டையை, அதாவது சுருதியின் உயரத்தை, குறைத்து, மைக்கின் காதருகே மெல்லப் பேசுவதுபோலப் பாடவும் வழி பிறந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, எத்தனையோ நுட்பங்கள் அதனால் கிடைத்தன. ஆனால் இன்றைய கச்சேரிக் குரலில் மைக்கும் ஒரு பக்கவாத்தியம். அதை நீக்கிவிட்டு ‘அசல் குரல்’ என்று ஒன்றைச் சபாவில் தேடினால் அகப்படாது.

அசல் ஒலி வேண்டுமானால் அதற்குக் கட்டணமில்லை. பங்குனிப் பெருவிழாவின்போது மயிலாப்பூர் மாட வீதியில், சுவாமிக்கு முன்னே போகும் நாகசுரத்தையும் தவிலையும் இருபதடி தள்ளி நின்று கேளுங்கள். தவிலின் ஒரு அடி எவ்வளவு திடீரென்று எழுந்து எவ்வளவு விரைவில் மறைகிறது என்பதைக் கவனித்தால், வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் தோற்பது பாஸில் அல்ல, இந்தத் திடீர் எழுச்சியில் என்பது விளங்கும். தம்பூரா வைத்திருப்பவர் யாராவது தெரிந்தால், தந்திக்கும் குதிரைக்கும் இடையே செருகும் ஜீவாளி நூலை நகர்த்தச் சொல்லி, ஒலி மலரும் அந்த இடத்தை அருகிலிருந்து கேளுங்கள்.

பத்து நாள் கெடுவுக்குள் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வீட்டில் யாரையாவது மொட்டை மாடியில் நிறுத்தி, மூன்றடி தூரத்திலிருந்து ஐந்து நிமிடம் பேசவும் பாடவும் சொல்லிப் பதிவு செய்யுங்கள். கைபேசியானால், ஒலியளவைத் தானாக ஏற்றியிறக்கும் வசதியையும் இரைச்சல் நீக்கும் வசதியையும் நிறுத்திவிடுங்கள். ஹாலிலேயே பதிவு செய்தால் சுவர்களின் எதிரொலி பதிவில் ஒரு முறை, கேட்கும்போது இன்னொரு முறை என இரண்டு தடவை சேர்ந்துவிடும். திறந்த வெளியில் அந்தத் தொல்லை குறைவு. பிறகு அதை ஒரே ஒரு ஸ்பீக்கரில் போட்டு, பேசியவரையே அதன் பக்கத்தில் நிறுத்தி, இரண்டும் ஒரே சத்தத்தில் இருக்கும்படி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மாறிமாறிக் கேளுங்கள். முப்பது வருடம் கேட்ட குரலில் உங்கள் காது ஏமாறாது. அந்தக் குரல் மூக்கடைத்தோ குடத்துக்குள்ளிருந்தோ வந்தால் ஸ்பீக்கரை மாற்றுங்கள். அதற்கு முன் பெட்டிகளைச் சுவருக்கு ஓர் அடி நெருக்கியும் விலக்கியும் வைத்துப் பார்த்துவிடுங்கள். நெருக்கினால் பாஸ் கூடும், உங்கள் தொப்பிக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம்.

விடிந்ததும் மாடிக்குப் போய்விடுங்கள், போக்குவரத்து இரைச்சல் ஏறுவதற்குள். நடுவில் காக்கை கத்தினால் அழித்துவிட வேண்டாம். நங்கநல்லூர்க் காக்கையின் குரலை நீங்கள் மைக் வழியாகக் கேட்டுப் பழகியிருக்க மாட்டீர்கள்.